காளிக்கு ஒரு கல்: சண்டையில் கூட வரும் விலங்கு யார் கணக்கில்?

குற்றால சீசனில் செங்கோட்டைப் பக்கம் சாரல் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அப்படிப்பட்ட நாட்களுக்கென்றே இருந்த பழைய பொழுதுபோக்கு ஆடுபுலி ஆட்டம். திண்ணையில் சாக்பீஸால் கட்டம் கிழித்தால் போதும். 15 புளியங்கொட்டைகள் ஆடுகள், 3 கூழாங்கற்கள் புலிகள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு காலி. ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலியை நகர விடாமல் அடைத்துவிட்டால் புலி தோற்றது.

இந்த ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இதில் மனிதனே கிடையாது. இடையனும் இல்லை, வேட்டைக்காரனும் இல்லை. சதுரங்கத்தில் மனிதன் உண்டு. ஆனால் அங்கேயும் யானை தனிக்காய், குதிரை தனிக்காய். பாகன் எங்கே, குதிரைக்காரன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் நிஜ வாழ்க்கையில் சண்டைக்குப் போன விலங்குகள் தனியாகப் போகவில்லை. மனிதனோடு சேர்ந்துதான் போயின. காவலுக்கு நாய், வேட்டைக்கு நாய், போருக்கு யானை. மனிதனும் விலங்கும் சேர்ந்து ஒரு சண்டையில் இறங்கும்போது அந்த விலங்கு யார்? அவன் கையில் இருக்கும் ஆயுதமா, பக்கத்தில் நிற்கும் வீரனா? வெற்றியும் இழப்பும் யார் பேரில் எழுதப்படும்?

இந்தக் கேள்வியோடு மேல்நாட்டு மேசை விளையாட்டுக்காரர்கள் பல வருடங்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஆனால் நம் நாட்டில் இதற்கான பதிலை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்!

மேசை மேல் ஒரு ஓநாய்

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், காட்டு வழி தெரிந்த வேட்டைக்காரன். கதை நடத்துபவர் "புதரிலிருந்து மூன்று பேர் பாய்கிறார்கள், என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது என்ன செய்வேன் என்று சொல்லிவிட்டுப் பகடை உருட்ட வேண்டும். அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கிட்டத்தட்ட கூத்தும் தாயக்கட்டமும் சேர்ந்த மாதிரி.

இப்போது அந்த வேட்டைக்காரன் ஒரு ஓநாயை வளர்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வந்தால் ஓநாய்க்குத் தனியாக ஒரு முறை தர வேண்டுமா? தந்தால் அந்த ஆட்டக்காரர் மட்டும் இரண்டு பேராக விளையாடுகிறார் என்று மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். தராவிட்டால் ஓநாய் வெறும் மூட்டை முடிச்சு. கூட வருகிறது, அவ்வளவுதான்.

இதைத் தீர்க்க அவர்கள் எடுத்த முயற்சிகள் சுவாரசியமானவை.

1978ல் வந்த விதிப்புத்தகத்தில் மந்திரவாதி ஒரு பூனையையோ ஆந்தையையோ துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது செத்துப்போனால் மந்திரவாதியின் சொந்த உயிர்ப்புள்ளிகளிலும் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும். விலங்கைச் சண்டையில் முன்னால் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல தடை கிடையாது.

2000ல் வந்த மூன்றாம் பதிப்பிலும், 2003ல் வந்த அதன் திருத்தத்திலும் பழக்குதல் என்ற விஷயத்துக்கு இடம் கொடுத்தார்கள். விலங்குக்குத் 'தாக்கு', 'காவல் இரு', 'பின்னால் வா' என்று ஒவ்வொன்றாகக் கற்றுத்தர வேண்டும். திருத்தப் பதிப்பின்படி நாய் போன்ற விலங்கு ஆறு வித்தைகள் வரைதான் கற்கும். கற்காததைச் செய்யச் சொன்னால் அதற்கே ஒரு முழுச் சுற்று செலவாகும். அதிலும் பகடை சாதகமாக விழ வேண்டும்.

2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு விதி வந்தது. விலங்கு தாக்க வேண்டுமென்றால், தொடக்க நிலையில் வேட்டைக்காரன் தன்னுடைய தாக்குதலை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு வரவுக்கு ஒரு செலவு, கணக்கு சரி. ஆனால் ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. எசமான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நாய் மட்டும் கடிக்கிறது. பிறகு எசமான் வெட்ட, நாய் வேடிக்கை பார்க்கிறது. எந்த ஊர் நாய் அப்படி நிற்கும்?

2019ல் 'பாத்ஃபைண்டர்' என்ற போட்டி விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வேறு வழி கண்டது. ஒரு முறைக்கு மூன்று செயல்கள். அதில் ஒன்றை உத்தரவு போடச் செலவழித்தால் விலங்கு இரண்டு செயல்கள் செய்யும். 2020ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'காரர்களும் இறங்கி வந்தார்கள். ஒரு சின்ன உத்தரவு போதும், எசமானும் தாக்கலாம், விலங்கும் தாக்கலாம் என்றார்கள். அதோடு இன்னொரு வரியும் சேர்த்தார்கள். எசமான் செயலிழந்து விழுந்துவிட்டால் விலங்கு தானாகவே முடிவெடுத்து எதையும் செய்யலாம்.

46 வருடங்கள் கழித்து ஒரு ஓநாய்க்குச் சொந்தப் புத்தி உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள்!

எடுத்தனூர் நாய்

எசமான் விழுந்த பிறகு நாய் என்ன செய்யும் என்பதற்கு நம்மிடம் ஒரு சாட்சி இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் அது.

நடுகல் என்றால் என்ன என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஊர் மாடுகளைக் கள்ளர் கவர்ந்து போகும்போது மீட்கப் போய் இறந்தவனுக்கு ஊரார் நிறுத்தும் கல். வடக்கே செங்கம் வட்டாரம் முழுக்க இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்துபோனான் என்று கல்வெட்டு சொல்கிறது.

இவ்வளவும் எல்லா நடுகல்லிலும் இருப்பதுதான். அடுத்து வரும் செய்திதான் அபூர்வம். கோவிவன் என்ற பெயருடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்து, அங்கேயே காவலாக இருந்தது என்கிறது அந்தக் கல். வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, நாய்க்குப் பெயர் இருக்கிறது. 'அவன் வளர்த்த நாய்' என்று எழுதி முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. இரண்டாவது, நாய் செய்த வேலை எண்ணிக்கையோடு இருக்கிறது, இரண்டு பேர் என்று. அதைக் கருந்தேவக்கத்தியின் கணக்கில் சேர்த்து 'இவன் இருவரை வீழ்த்தினான்' என்று எழுதிவிடவில்லை. மூன்றாவது, நாய் கடித்துவிட்டு ஓடவில்லை, இருந்தது. உத்தரவு போட ஆள் இல்லாத நேரத்தில் அது தானாகச் செய்த வேலை அது. 2020ல் எழுதப்பட்ட விதியை ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு நாய் செய்து காட்டியிருக்கிறது, ஊரும் அதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறது.

யானையும் நாயும் ஒரே கல்லில்

இரண்டாவது சாட்சி கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் கதை தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது.

கி.பி. 949ல் இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் தக்கோலத்தில் ஒரு பெரும்போர் நடந்தது. ஒரு பக்கம் முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன். எதிர்ப்பக்கம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவன் மைத்துனன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும். இராசாதித்தன் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். அதனால் அவனுக்கு 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்றே பெயர் வந்துவிட்டது. சோழர் படை தோற்றது. வடக்கே தொண்டை மண்டலம் சில காலம் கைவிட்டுப் போனது.

பூதுகனின் படையில் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். அவன் சண்டையிட்ட விதத்தைப் பார்த்து மகிழ்ந்த அரசன் "வேண்டியதைக் கேள்" என்றான். நிலம் கேட்கலாம், பொன் கேட்கலாம், பட்டம் கேட்கலாம். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை!

நாய் கிடைத்தது. பிறகு ஒரு நாள் வேட்டையில் ஒரு பெரிய காட்டுப்பன்றியின் மேல் காளியை ஏவினார்கள். பன்றியும் செத்தது, காளியும் செத்தது. மணலேரன் கர்நாடகத்தின் இன்றைய மண்டியா மாவட்டத்தில் இருக்கும் ஆதகூரில், சிவன் கோயிலுக்கு முன்னால் காளிக்கு ஒரு கல் நிறுத்தினான். நிலமும் மானியமாக விட்டான். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பூசாரி இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் அவனுக்குப் பாவம் சேரும் என்றும் எழுதி வைத்தான். கல்லின் மேல்பகுதியில் நாயும் பன்றியும் கட்டிப் புரளும் சிற்பம் இருக்கிறது.

தக்கோலப் போர் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் எழுதும்போது முக்கிய ஆதாரமாகக் காட்டும் கல்வெட்டுகளில் ஒன்று இந்த ஆதகூர்க் கல்தான். பூதுகன் இராசாதித்தனைக் கொன்ற செய்தி இதில்தான் வருகிறது. அதாவது ஒரு சோழ இளவரசனின் மரணச் செய்தி, ஒரு நாயின் கல்லில் இருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அதே தக்கோலத்தில் ஒரு யானையும் இருந்தது. இளவரசனைச் சுமந்து நின்ற யானை. அதன் பெயர் இந்தக் கல்லில் இல்லை. இளவரசனின் பட்டப்பெயரில் அது ஒரு இடமாக மட்டும் நிற்கிறது: யானை'மேல்'. ஆனால் பன்றியோடு சண்டையிட்ட நாய்க்குப் பெயரும் கல்லும் பூசையும் நிலமும் கிடைத்தன. இரண்டும் மனிதனோடு சண்டைக்குப் போன விலங்குகள்தான். ஒன்று படைக்கலக் கணக்கில் போனது, மற்றது தோழன் கணக்கில் வந்தது.

சுத்தியலும் உளியும்

யானை ஏன் படைக்கலக் கணக்கில் போனது? பெரிய படைகளில் விலங்கு ஒரு எண். அதற்கு விலை உண்டு, தீவனச் செலவு உண்டு, ஆபத்தும் உண்டு. கி.மு. 326ல் ஜீலம் நதிக்கரையில் போரஸின் யானைகள் நெருக்கடியில் சிக்கியபோது எதிரி, சொந்தப் படை என்று பார்க்காமல் மிதித்தன என்று கிரேக்க ஆசிரியர் ஆரியன் எழுதியிருக்கிறார்.

கி.மு. 207ல் இத்தாலியில் மெட்டாரஸ் நதிப் போரில் கார்த்தேஜ் தளபதி ஹஸ்துருபால் யானைகளைக் கொண்டுவந்தான். அவனுடைய பாகர்கள் கையில் உளியும் சுத்தியலும் இருந்தன. யானை மிரண்டு தங்கள் பக்கமே திரும்பினால், காதுகளுக்கு நடுவே உளியை வைத்து ஒரே அடி. அந்தப் போரில் எதிரி கொன்ற யானைகளைவிடப் பாகர்கள் கொன்ற யானைகளே அதிகம் என்று ரோமானிய ஆசிரியர் லிவி சொல்கிறார்.

மேசை விளையாட்டிலும் இது உண்டு. 1981ல் வந்த பதிப்பில் எதிரிகளுக்கும் விலங்குகளுக்கும் 'மனோதிடம்' என்று ஒரு எண் கொடுத்தார்கள். சண்டை மோசமானால் இரண்டு பகடைகளை உருட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம்தான். உயிருள்ள எதுவும் பயப்படும் என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது. உளியும் சுத்தியலும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சேவல் கேட்கவில்லை

நடுகல் எடுத்ததாலேயே அந்தக் காலத்தவர் எல்லாரும் கருணைக் கடல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. இந்தளூரில் இன்னொன்று. இரண்டிலும் மனித உருவமே இல்லை, சேவல் மட்டும்தான். அரசலாபுரத்துச் சேவல் மேற்சேரிக்காக நின்றது. இந்தளூர்ச் சேவல் கீழ்ச்சேரியுடையது, பெயர் பொற்கொற்றி.

சேவல் சண்டையில் சேவல் போய் நிற்பது சேரியின் மானத்துக்காக. அந்தச் சண்டையைச் சேவல் கேட்டு வாங்கவில்லை. காளியும் பன்றியைத் தேடித் தானாகப் போகவில்லை, ஏவப்பட்டது. கல் நிறுத்தியதால் அந்த உயிர் திரும்பி வரவும் இல்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நமக்காக ஒரு உயிர் போயிருக்கிறது, அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அந்தக் கல் ஒப்புக்கொள்கிறது. கணக்குப் புத்தகம் ஒப்புக்கொள்வதில்லை.

உதாரணத்துக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் விலங்குகளுக்கென்று ஒரு உட்பிரிவு எழுதப்பட்டது. தொழிலுக்குப் பயன்படுத்திய விலங்கு இறந்துபோனாலோ இனி உதவாது என்று ஆகிவிட்டாலோ, அதை வாங்கிய விலையில் இருந்து, விலங்கையோ அதன் உடலையோ விற்றுக் கிடைத்த தொகையைக் கழித்து, மீதியைச் செலவாகக் காட்டலாம். வரிச் சட்டம் அப்படித்தான் எழுத முடியும், அதில் தப்பில்லை. அந்தக் கணக்கு மட்டுமே கணக்கு என்று ஆகும்போதுதான் சிக்கல்.

இராஜபாளையத்தில் இருந்து காஷ்மீர் வரை

செங்கோட்டையில் இருந்து மதுரைச் சாலையில் தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி தாண்டிப் போனால் இராஜபாளையம். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் இராஜபாளையம் நாயைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. பாளையக்காரர் காலத்தில் இந்த நாய்கள் காவலுக்கும் சண்டைக்கும் பயன்பட்டன என்று ஊர்ப்பெருமையாகச் சொல்வார்கள். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலைகள் வெளியிட்டபோது அதில் இராஜபாளையமும் இடம்பெற்றது.

இன்று நாய்கள் உண்மையாகவே சண்டைக்குப் போகும் இடம் இராணுவம். அங்கே இந்தப் பழைய கேள்வி உயிர்ப் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது. வியட்நாம் போரில் அமெரிக்கா சுமார் 4,000 நாய்களைப் பயன்படுத்தியது. அவை உபகரணப் பட்டியலில் இருந்தன. போர் முடிந்து படைகள் ஊர் திரும்பியபோது பெரும்பாலான நாய்கள் திரும்பவில்லை. உபகரணம்தானே, விட்டுவிட்டு வரலாம்! ஓய்வு பெற்ற படை நாய்களை மக்கள் தத்தெடுக்க வழி செய்யும் சட்டம் அங்கே 2000ல்தான் வந்தது.

இந்தியாவிலும் பணிக்கு உதவாத நாய்களைக் கருணைக்கொலை செய்யும் வழக்கம் இருந்தது. 2015ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு இராணுவமே இதைப் பதிலாகச் சொன்னது. எதிர்ப்பு எழுந்தது, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு கொள்கை மாறி, ஓய்வு பெற்ற நாய்களைத் தத்துக் கொடுக்கும் முறை வந்தது.

அதே 2015ல் காஷ்மீரின் தாங்தார் பகுதியில் ஊடுருவியவர்களோடு நடந்த மோதலில் மான்சி என்ற லாப்ரடார் நாய் இறந்தது. அதைப் பராமரித்த வீரர் பஷீர் அகமது வார் அதைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்தார். மான்சியின் பெயர் பின்னர் இராணுவத்தின் போர்ச் சிறப்புக் குறிப்பில் சேர்க்கப்பட்டது. 2022 ஜூலையில் பாரமுல்லாவில் ஆக்செல், அதே வருடம் அக்டோபரில் அனந்தநாக்கில் குண்டு பட்டு இறந்த ஜூம் ஆகியவற்றுக்கும் அப்படியே. 2023 செப்டம்பரில் ரஜௌரியில் கெண்ட் என்ற நாய் தன்னைப் பராமரித்த வீரரின் உயிரைக் காத்துவிட்டு இறந்தது.

கோவிவன், காளி, மான்சி, ஆக்செல், ஜூம், கெண்ட். நடுவில் சுமார் ஆயிரத்து நானூறு வருடங்கள். பெயரை எழுதி வைப்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பெயர் எழுதியவன், வேலை முடிந்ததும் அதைக் கழித்துக்கட்ட யோசிப்பான். சேவல்களின் கதையைப் பார்த்தால் இது எப்போதும் நடக்காது என்று தெரிகிறது. இருந்தாலும் பெயரே இல்லாத உபகரணத்துக்கு அந்த யோசனைகூடக் கிடைக்காது.

மேசை விளையாட்டில் ஓநாய்க்குத் தனி முறை தருவதா வேண்டாமா என்று சண்டை போட்டவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரிந்திருக்காது. விதி சரியாக இருக்கிறதா, ஆட்டம் சமமாக நடக்கிறதா என்பதுதான் அவர்கள் கவலை. ஆனால் கேட்ட கேள்வி என்னவோ மணலேரன் கேட்ட அதே கேள்விதான். கூட நின்று அடி வாங்கியவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

பெங்களூர் போகிறவர்கள் கஸ்தூர்பா சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு எட்டு போய்விட்டு வரலாம். ஆதகூர்க் கல் இப்போது அங்கேதான் இருக்கிறது. பூசை செய்ய யாரும் இல்லை. ஆனால் கல்லின் மேல்பகுதியில் காளி இன்னும் அந்தப் பன்றியை விடவில்லை.